பாட் ஸ்பிலேன்: களத்தில் பார்த்தவர்கள் ஒரு மாதிரி, டிவியில் பார்த்தவர்கள் ஒரு மாதிரி

குமார்_டப்ளின்

பாட் ஸ்பிலேனுக்குத் தனியாக ஓர் இழை வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே கேலிக் கால்பந்து (பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் ஐரிஷ் ஆட்டம்) பற்றிப் பேச்சு வந்தாலே அவர் பெயரும் வந்துவிடுகிறது. வந்த வேகத்தில் "டிவியில் கத்துவாரே, அந்த ஆளா?" என்று யாராவது பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஐரிஷ் தேசியத் தொலைக்காட்சி ஆர்.டி.ஈ.யின் 'தி சண்டே கேம்' விளையாட்டு நிகழ்ச்சியில் 1992-லிருந்து 2022 வரை 30 வருஷம் ஆய்வாளராக உட்கார்ந்திருந்தவர் என்பதால் இளைஞர்களுக்கு அவர் வெறும் டிவி முகம்தான். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

கெர்ரி கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அணிக்காக அயர்லாந்து சாம்பியன் பட்டம் 8 முறை: 1975, 1978, 1979, 1980, 1981, 1984, 1985, 1986. வருஷத்தின் சிறந்த அணிக்குத் தேர்வானவர்களுக்குத் தரும் ஆல் ஸ்டார் விருது 9. கால்பந்தில் அத்தனை ஆல் ஸ்டார் வாங்கியவர் வேறு யாரும் இல்லை. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது 1978-லும் 1986-லும்.

1975 இறுதியாட்டம் ஒன்றே போதும் அவர் கதையைத் தொடங்க. கெர்ரி ஒரு பொடியன்கள் அணி, எதிரே நடப்பு சாம்பியன் டப்ளின். கெர்ரி கேப்டன் மிக்கி நெட் ஓ'சல்லிவன் ஆட்டத்தின் நடுவில் அடிபட்டு நினைவிழந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். 2-12க்கு 0-11 என்று கெர்ரி ஜெயித்தது. டப்ளின் குரோக் பார்க் அரங்கின் மேடையேறி, சாம்பியனுக்குத் தரும் சாம் மக்வயர் கோப்பையைக் கேப்டனுக்குப் பதிலாக வாங்கியவர் 19 வயது ஸ்பிலேன். அந்த வயதில் அந்தக் கோப்பையைத் தூக்கியவருக்கு வாழ்நாள் முழுக்க ஆட்டத்தின் மேல் ஒரு உரிமை உணர்வு இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

விவாதிக்கலாம் வாருங்கள். பிடிக்காதவர்களும் எழுதுங்கள்.

செல்வி_கார்க்

குமார் அண்ணா, நல்ல இழை. எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். இத்தனை கோப்பை வாங்கியவர் கிளப் மாறி, கவுண்டி மாறிக் காசு சம்பாதித்திருக்கலாமே? பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார் என்று இங்கே வேலை செய்யும் இடத்தில் சொன்னார்கள். அப்புறம் அந்த 2-12 கணக்கையும் ஒருமுறை விளக்கிவிடுங்கள், புதிதாக வருபவர்களுக்கு உதவும்.

குமார்_டப்ளின்

கணக்கு முதலில். வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் போனால் 1 புள்ளி. 2-12 என்றால் 2 கோல், 12 புள்ளி, மொத்தம் 18. ஓர் அணிக்கு 15 பேர்.

காசு விஷயம்: இது முழுக்க அமெச்சூர் விளையாட்டு, செல்வி. சம்பளம் கிடையாது, ஆளை விலைக்கு வாங்குவதும் கிடையாது. எந்த ஊரில் பிறந்தாயோ அந்த ஊர் கிளப், எந்தக் கவுண்டியோ அந்தக் கவுண்டி அணி. ஸ்பிலேன் லிமரிக்கில் தாமண்ட் கல்லூரியில் உடற்கல்வி படித்தார். அந்தக் கல்லூரி அணியோடு 1978-ல் அயர்லாந்து கிளப் சாம்பியன் பட்டமும் வாங்கினார். அப்புறம் பான்ட்ரியில் ஆசிரியர் வேலை. பான்ட்ரி இருப்பது உங்கள் கார்க்கில்! கெர்ரிக்கும் கார்க்குக்கும் தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் பட்டத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பகை. ஞாயிற்றுக்கிழமை கார்க்கைத் தோற்கடித்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் கார்க் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனவர் அவர். 1983-ல் கார்க் ஜெயித்தபோது அந்த வகுப்பறை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஓமா_வேலன்

நான் வடக்கே டைரோன் கவுண்டியில் இருக்கிறேன். எங்கள் தெருவில் அவர் பெயரைச் சொன்னால் இன்னும் முகம் மாறும். ஏன் என்று சொல்கிறேன், இரண்டு பக்கமும் தெரியட்டும்.

1986-ல் டைரோன் முதல்முறையாக இறுதியாட்டத்துக்கு வந்தது. இரண்டாம் பாதித் தொடக்கத்தில் கெர்ரியை விட 7 புள்ளி முன்னால் இருந்தார்கள். ஸ்பிலேன் பாய்ந்து விழுந்து கையால் தட்டி ஒரு கோல் போட்டார். அதோடு ஆட்டம் திரும்பிவிட்டது, கடைசியில் கெர்ரி 2-15, டைரோன் 1-10. ஏழு புள்ளி முன்னிலை எட்டுப் புள்ளித் தோல்வியாக மாறியது. இதற்காக யாரும் அவரை வெறுக்கவில்லை. அப்படி ஆடியவனை இங்குள்ள பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

வெறுப்பு வந்தது 2003-ல். அரையிறுதியில் டைரோன் 0-13, கெர்ரி 0-6. பந்து வைத்திருக்கும் கெர்ரி ஆட்டக்காரரை ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டு, நகரவிடாமல், பந்தைப் பிடுங்கும் வரை விடவில்லை. முன்கள ஆட்டக்காரர்களே ஓடிப்போய்த் தடுத்தார்கள். 15 பேரும் அப்படி உழைப்பது சாதாரண விஷயமா? ஸ்பிலேன் டிவியில் அதைப் பார்த்து வாந்தி வருகிற ஆட்டம் என்றார். ஒரு கவுண்டி தன் முதல் கோப்பைக்கு ஒரு படி கீழே நிற்கிறது, அந்த நேரத்தில் தேசியத் தொலைக்காட்சியில் அந்த வார்த்தை. பயிற்சியாளர் மிக்கி ஹார்ட்டின் டைரோன் அணி அந்த வருஷமே கோப்பை வாங்கியது. 2005-லும் 2008-லும் மறுபடி வாங்கியது, இரண்டு முறையும் இறுதியில் தோற்றது கெர்ரி. பதில் களத்தில் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த வார்த்தை போகவில்லை.

யாழ்_பாலன்

வேலன் தம்பி சொல்வது நியாயம். அதற்கு முதல் வருஷமும் இப்படி ஒன்று நடந்தது. 2002 இறுதியில் இடைவேளையில் கெர்ரி முன்னால் நிற்க, எதிரணியான வடக்குக் கவுண்டி ஆர்மாவை ஸ்பிலேன் மிக இளக்காரமாகப் பேசினார். ஆர்மா திரும்பி வந்து 1-12க்கு 0-14 என்று ஒரு புள்ளியில் வென்றது. அவர்களுக்கும் அதுதான் முதல் கோப்பை. வடக்குச் சனம் அவரை மன்னிக்காததற்கு இரண்டும் சேர்ந்த காரணம்.

நான் வேறொரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். அவருடைய முழங்கால். 1981-ல் சிலுவைத் தசைநார் கிழிந்தது. அந்தக் காலத்தில் அது கிழிந்தால் விளையாட்டு முடிந்தது என்று அர்த்தம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தனியாகப் பயிற்சி. சம்பளம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, காத்திருக்கும் கிளப் முதலாளி இல்லை. ஆட வேண்டும் என்ற ஒரே ஆசைதான். இடையில் 1982-ல் ஷேமஸ் டார்பி கடைசி நிமிடங்களில் போட்ட கோலால் ஆஃபலி 1-15க்கு 0-17 என்று வென்று, தொடர்ந்து ஐந்தாவது கோப்பை என்ற கெர்ரியின் கனவை முடித்துவைத்தது.

காயத்துக்குப் பிறகு 1984, 1985, 1986 என்று மூன்று கோப்பை. 1986 இறுதியின் ஆட்ட நாயகன் அவரே. அப்போது அவருக்கு 30 வயது. முழங்கால் கிழிந்தவர் இளம் டைரோன் பொடியன்களை ஓடி ஓடிக் களைக்கப் பண்ணினார். நான் ஸ்பிலேனை மதிப்பது 1978 ஆட்டத்துக்காக அல்ல, இந்த மூன்று வருஷத்துக்காக.

மீனா_லிமரிக்

பாலன் அண்ணை எழுதியதற்கு ஒரு சேர்க்கை. அவர் இடத்தின் பெயர் விங் ஃபார்வேர்டு, அதாவது ஓரத்து முன்கள ஆட்டக்காரர், ஆனால் அவர் ஓர் இடத்தில் நின்றதே இல்லை. தன் கோல் பக்கம் வந்து பந்தை வாங்கி, திரும்ப முன்னால் ஓடி, அடுத்த நிமிஷம் மறுபக்கக் கோட்டோரம் நிற்பார். காவலுக்கு நிற்பவன் கூடவே ஓடினால் அவன் இடம் காலி, ஓடாவிட்டால் ஸ்பிலேன் காலி இடத்தில். பயிற்சியாளர் மிக் ஓ'டுவயர் உடல் தகுதிக்கு உயிரைக் கொடுப்பவர், அவருக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்தது பெரிய வசதி.

வேடிக்கை என்னவென்றால், முன்கள ஆட்டக்காரன் பின்னால் வந்து உழைப்பது என்பதை 70-களிலேயே செய்தவர் அவர். அதையே டைரோன் 15 பேரும் செய்தபோது பிடிக்காமல் போனது. இது முரண் இல்லையா என்று கேட்டால், எனக்கு இல்லை என்றே தோன்றுகிறது. அவர் பின்னால் வந்தது பந்தை வாங்கித் தாக்குவதற்கு. 2003-ல் அவரைக் கோபப்படுத்தியது, தடுப்பதே முதல் வேலை, தாக்குவது அப்புறம் என்ற எண்ணம்.

ஓமா_வேலன்

மீனா அக்கா, மன்னிக்கவும், இதை ஏற்க முடியாது. 2003 டைரோனில் பீட்டர் கனவன் இருந்தார், ஓவன் மல்லிகன் இருந்தார். அவர்கள் தாக்கத் தெரியாதவர்களா? அரையிறுதியில் 13 புள்ளி எடுத்தார்களே, கெர்ரிதான் 70 நிமிஷத்தில் 6 எடுத்தது.

இன்னொன்று. 2014 இறுதியில் டோனிகாலை எதிர்த்துக் கெர்ரியே ஆளைப் பின்னால் குவித்து ஆடியது. 2-9க்கு 0-12 என்று ஜெயித்துக் கோப்பையும் வாங்கியது. தேவைப்பட்டால் கெர்ரியும் அப்படித்தான் ஆடும். அதில் தப்பே இல்லை. அதே அளவுகோலால் எங்களை அளந்திருந்தால் போதும் என்கிறேன்.

பிரகாஷ்_கால்வே

+1 வேலன்.

குமார்_டப்ளின்

வேலன், அளவுகோல் பற்றிய உங்கள் குறை சரியானது. அதே சமயம் அவர் கெர்ரிக்காரர்களைத் தடவிக்கொடுத்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2003-ல் கெர்ரி பயிற்சியாளர் யார்? பாடீ ஓ ஷே. ஸ்பிலேனைப் போலவே 8 கோப்பை வாங்கிய ஐந்து கெர்ரிக்காரர்களில் ஒருவர். மற்ற மூவர் ஜெர் பவர், மைக்கி ஷீஹி, ஓகி மோரன். தோளோடு தோள் நின்று ஆடியவர் நடத்தும் அணியை வாராவாரம் திரையில் பிரித்துப் பேச வேண்டிய நிலைமை அவருக்கு. அந்தத் தோல்விக்குப் பின் பாடீயின் பதவியும் போனது. இந்தச் சிறிய ஊர்களில் விமர்சகரும் விமர்சிக்கப்படுபவரும் ஒரே கடையில் பால் வாங்குகிறவர்கள். லண்டனில் உட்கார்ந்து பிரீமியர் லீக் பற்றிப் பேசுவதும் இதுவும் ஒன்றல்ல.

செல்வி_கார்க்

எனக்கு உறுத்துவது வேறு. என் மகன் இங்கே உள்ளூர் கிளப்பில் 12 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடுகிறான். அவனுக்குப் பயிற்சி தருகிறவர்களில் ஒருவர் எலக்ட்ரீஷியன், இன்னொருவர் என் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். மழையில் நனைந்துகொண்டு வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள், ஒரு யூரோ வாங்குவதில்லை. கவுண்டி அணியில் ஆடுகிறவர்களும் இதே மாதிரி ஆட்கள்தானே? காசு வாங்காமல் ஆடும் ஒருவர் பந்தைக் கோட்டை விட்டதற்கு, காசு வாங்கிக்கொண்டு பேசும் ஒருவர் நாடு முழுக்கக் கேட்கும்படி கேலி செய்யலாமா? அந்தப் பையன் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், அவன் அம்மாவும் டிவி பார்த்திருப்பார்.

அணியின் ஆட்டமுறையைத் திட்டட்டும். ஆளைத் திட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

மீனா_லிமரிக்

செல்வி கேட்டதுதான் இந்த இழையின் முக்கியமான கேள்வி. அந்த நிகழ்ச்சியின் குழுவை நினைத்துப் பாருங்கள். நடுவில் தொகுப்பாளர் மைக்கேல் லிஸ்டர். பக்கத்தில் ஸ்பிலேன், மீத் கவுண்டியின் கொலம் ஓ'ரோர்க், டெரியின் ஜோ பிராலி. மூவரும் கோப்பை வாங்கியவர்கள்: ஓ'ரோர்க் 1987-லும் 1988-லும், பிராலி 1993-ல். மூவரில் ஓ'ரோர்க் நிதானமானவர், அவரும் ஆசிரியர்தான். பிராலி வக்கீல், வாதாடுவது போலவே பேசுவார்.

ஆளைத் தாக்கிய பேச்சுக்குப் பெரிய உதாரணம் ஸ்பிலேன் இல்லை, பிராலி. 2013-ல் டைரோனின் ஷான் கவனா, கோலுக்குப் போய்க்கொண்டிருந்த மானஹன் ஆட்டக்காரர் கானர் மக்மேனஸை இழுத்துச் சாய்த்தார். அன்றைய விதிப்படி மஞ்சள் அட்டை மட்டும்தான். பிராலி திரையில் வெடித்தார், கவனாவின் ஆண்மையைப் பற்றியே பேசும் அளவுக்குப் போனார். அது அதிகப்படி, என் பார்வையில் அசிங்கம். ஆனால் அந்த இழுப்பு தப்பு என்பதை நாடே பேசியது. வேண்டுமென்றே செய்யும் அப்படிப்பட்ட தவறுக்கு ஆட்டக்காரரை வெளியேற்றும் கறுப்பு அட்டை விதி அந்த வருஷம் முன்பே ஓட்டெடுப்பில் ஏற்கப்பட்டிருந்தது, 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்தவர்களின் வாயை அடைத்தது கவனா சம்பவம்.

ஸ்பிலேன் பெரும்பாலும் திட்டியது முறையை. ஆளையும் சில சமயம் சேர்த்துத்தான் திட்டினார், மறுக்கவில்லை. செல்வி போடும் கோட்டை அவர் பலமுறை தாண்டியிருக்கிறார்.

யாழ்_பாலன்

2011-ஐயும் மறக்க வேண்டாம். டப்ளினும் டோனிகாலும் அரையிறுதியில் மோதி 0-8க்கு 0-6 என்று முடிந்தது. அரங்கில் கனக்கச் சனம், ஆனால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. டோனிகாலின் 13, 14 பேர் தங்கள் பாதியிலேயே நின்றார்கள். அன்றைக்கும் ஸ்பிலேன் கொதித்தார். அடுத்த வருஷம் பயிற்சியாளர் ஜிம் மக்கினஸ் அதே டோனிகாலோடு கோப்பை வாங்கிக் காட்டினார். பிறகு நாட்டில் பாதி அணிகள் அதைப் பின்பற்ற, பந்தைப் பக்கவாட்டில் கையால் கைமாற்றிக்கொண்டே இருக்கும் ஆட்டம் வந்தது. உதைப்பதே குறைந்துபோனது.

2025-ல் என்ன நடந்தது என்று பாருங்கோ. முன்னாள் டப்ளின் பயிற்சியாளர் ஜிம் கேவின் தலைமையிலான குழு விதிகளையே மாற்றியது. ஒவ்வொரு அணியும் எதிராளியின் பாதியில் எப்போதும் குறைந்தது மூன்று பேரை நிறுத்த வேண்டும். கோலிலிருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியே நின்று உதைத்துக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் 2 புள்ளி. கோல் காப்பாளர் உதைக்கும் பந்து அந்த வளைவைத் தாண்டியே ஆக வேண்டும். எல்லாரையும் பின்னால் குவிப்பதை விதியே தடுத்துவிட்டது. அந்த வருஷ இறுதியில் கெர்ரி 1-26, டோனிகால் 0-19. ஒரே ஆட்டத்தில் அவ்வளவு! ஸ்பிலேன் இருபது வருஷமாகக் கத்தியது இதற்காகத்தான். கத்திய முறை பிழையாக இருக்கலாம், கேட்டது நியாயமான ஒன்று.

ஓமா_வேலன்

பாலன் அண்ணை, புது விதிகள் எனக்கும் பிடித்திருக்கின்றன, சந்தோஷமாகப் பார்க்கிறேன். ஆனால் விதி மாறியதால் 2003 டைரோன் குற்றவாளி ஆகிவிடாது. இருந்த விதிக்குள் அவர்கள் எல்லாரையும் விட நன்றாக யோசித்தார்கள். ஓர் ஆய்வாளரின் வேலை, அந்த யோசனை எப்படி வேலை செய்கிறது என்று வீட்டில் இருப்பவருக்கு விளக்குவது. யார் யாரை மறித்தார், பந்து எங்கே பறிபோனது, ஏன் கெர்ரிக்காரர் தலை நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அன்று அதைச் சொல்ல அவரை விடத் தகுதியானவர் அயர்லாந்தில் இல்லை. அவர் விளக்காமல் கோபப்பட்டார். என் குறை இதுதான்.

மீனா_லிமரிக்

இது சரியான குறை, வேலன். அவருக்குப் பின் வந்தவர்கள் படத்தை நிறுத்தி, வட்டம் போட்டு விளக்குகிறார்கள். பீட்டர் கனவன் அதில் கெட்டிக்காரர். நிறையக் கற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குடும்பமாக உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே பார்த்த காலம் ஸ்பிலேன் காலம்தான். ஆட்டம் தெரியாத பாட்டிகூட அவருக்காகப் பார்த்த வீடுகள் இங்கே உண்டு.

குமார்_டப்ளின்

டிவியில் அவரது கடைசி நாளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 2022 ஜூலை 24, இறுதியாட்டம். கெர்ரி 0-20, கால்வே 0-16. ஸ்டூடியோவில் கருத்துக் கேட்டபோது ஸ்பிலேனால் பேச முடியவில்லை, அழுதுவிட்டார்.

காரணம் தெரியாதவர்களுக்காக: அவர் அப்பா டாம் 1964-ல் கெர்ரி அணியின் தேர்வாளர். அந்த வருஷ இறுதியில் கெர்ரி கால்வேயிடம் தோற்றது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், செவ்வாய்க்கிழமை அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பாட் ஸ்பிலேனுக்கு அப்போது 8 வயது. சொந்த ஊரான டெம்பிள்நோவில் குடும்பத்தின் மதுக்கடையைக் கவனித்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தவர் அம்மா மோரா. அவரும் கால்பந்துக் குடும்பம்தான். அவர் சகோதரர் டின்னி லைன், 1947-ல் நியூயார்க்கில் நடந்த இறுதியாட்டத்தில் கெர்ரி கேப்டன். பாட், மிக், டாம் மூன்று சகோதரர்களும் சேர்ந்து வாங்கிய பதக்கம் 19. பாட் 8, மிக் 7, டாம் 4. ஒன்றைக்கூட அப்பா பார்க்கவில்லை.

2022 அணியில் தம்பி டாமின் மகன்கள் ஏட்ரியனும் கிலியனும் இருந்தார்கள். எதிரணி அதே கால்வே. பேரன்களோடு சேர்த்து அந்த வீட்டில் 21 பதக்கம் ஆனது. இதைத்தான் அழுதுகொண்டே சொன்னார். அன்று அவரைப் பிடிக்காதவர்கள்கூட எதுவும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஓமா_வேலன்

ஆமாம். இங்கேயும் எங்கள் வீட்டில் எல்லாரும் அமைதியாகத்தான் கேட்டோம். பக்கத்து வீட்டு ஐயா, 1986-ல் குரோக் பார்க் போனவர், "அப்பன் பார்க்கவில்லை என்பது பெரிய குறைதான்" என்றார். 2003-ஐ மட்டும் விடமாட்டேன் என்றும் சொன்னார்.

யாழ்_பாலன்

டெம்பிள்நோ பற்றி ஒரு வரி. கென்மேருக்கும் ஸ்னீமுக்கும் இடையில், கடலோரமாக இருக்கும் மிகச் சிறிய இடம். கிராமங்களில் இளையவர்கள் வேலைக்கு வெளியேறினால் 15 பேர் சேர்ப்பதே பாடு. ஸ்பிலேன் பிற்காலத்தில் கிராமப்புறப் பொருளாதார வளர்ச்சிக்கான அரசு ஆணையத்துக்குத் தலைவராக இருந்தார், 2014-ல் அதன் அறிக்கை வந்தது. தபால் நிலையம், இணைய வசதி, வேலை என்று அவர் பேசியதும் அதே கோபத்தோடுதான். அந்தச் சின்ன டெம்பிள்நோ 2016-ல் அயர்லாந்து ஜூனியர் கிளப் பட்டம் வாங்கியது. 2022 கெர்ரி அணியின் டைக் மோர்லியும் அந்த ஊர்.

செல்வி_கார்க்

இவ்வளவு தெரிந்தபின் அவர் ஆடியதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. மகனோடு உட்கார்ந்து பார்க்க எந்த ஆட்டம் நல்லது? ஒன்று இரண்டு சொல்லுங்கள் போதும், அவன் பொறுமை அவ்வளவுதான்.

மீனா_லிமரிக்

1978 இறுதி, டப்ளினுக்கு எதிராக. கெர்ரி 5-11, டப்ளின் 0-9. பையன்களுக்குக் கோல் பிடிக்கும். மைக்கி ஷீஹி, கோல் காப்பாளர் திரும்பி ஓடிவருவதற்குள் அவர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப்போட்ட ஃப்ரீ கிக் அதில்தான்.

ஓமா_வேலன்

ஸ்பிலேனுக்காகப் பார்ப்பதென்றால் 1986. இரண்டாம் பாதித் தொடக்கத்திலிருந்து போடுங்கள், டைரோன் 7 புள்ளி முன்னால் இருக்கும். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் ஸ்பிலேன் எங்கே ஓடுகிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள் பையனை. வலிக்கிற ஆட்டம்தான் எங்களுக்கு, ஆனாலும் சொல்கிறேன். அதை முடித்துவிட்டு 2003 அரையிறுதியும் பாருங்கள். பேச்சைக் கேட்காமல் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், அப்புறம் உங்கள் தீர்ப்பை இங்கே வந்து எழுதுங்கள்.